சாலை நடுவில் ஒரு லேன்: விபத்து எங்கே குறைகிறது, எங்கே குறைவதில்லை

அமெரிக்காவுக்குப் போய் கார் ஓட்டத் தொடங்கும் நம் ஆட்கள் பலரையும் முதலில் குழப்புவது ஊருக்குள் போகும் சாலைகளின் நட்டநடுவில் இருக்கும் அந்த மஞ்சள் கோட்டு லேன். இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கோடுகள், வெளிப்பக்கம் முழுக்கோடு, உள்பக்கம் விட்டு விட்டு வரும் கோடு, நடுவே எதிரெதிர் திசையில் வளைந்து நிற்கும் அம்புக்குறிகள். இந்தப் பக்கத்து வண்டியும் அதற்குள் நுழையலாம், எதிர்ப்பக்கத்து வண்டியும் நுழையலாம். பார்த்ததும் "இதில் நேருக்கு நேர் மோதிக்கொள்ள மாட்டார்களா?" என்றுதான் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் கொஞ்சம் பெயின்ட் செலவில் விபத்துகளைக் கணிசமாகக் குறைத்த மாற்றங்கள் என்று பார்த்தால் இந்த நடு லேனுக்கு அதில் நல்ல இடம் உண்டு. ஒரே விஷயம், அந்த லேனுக்கான இடத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே லேன் ஒரு சாலையில் உயிரைக் காக்கும், இன்னொரு சாலையில் நடந்து போகிறவருக்கு ஆபத்தாகவும் முடியும்.

முதலில் அடிப்படை. அங்கே வண்டிகள் சாலையின் வலதுபக்கம் போகும். அதனால் நமக்கு ரைட் எடுப்பது எவ்வளவு சிக்கலோ, அவர்களுக்கு லெஃப்ட் எடுப்பது அவ்வளவு சிக்கல், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். ஊருக்குள் சிக்னல் இருக்கும் சந்திப்புகளில் மட்டுமா லெஃப்ட் எடுக்கிறார்கள்? மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், பல் மருத்துவர், பள்ளிக்கூடம், சொந்த வீட்டு வாசல் என்று ஐம்பது அடிக்கு ஒரு இடத்தில் யாராவது ஒருவர் திரும்பிக்கொண்டே இருப்பார்.

இப்போது நடுவில் எந்தத் தடுப்பும் இல்லாத நாலு லேன் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு, வர இரண்டு. ஒருவர் இடதுபக்கம் இருக்கும் மருந்துக்கடைக்குள் போக வேண்டும். இன்டிகேட்டர் போட்டு உள்பக்க லேனில் வண்டியை நிறுத்துகிறார். அந்த லேன் வேகமாகப் போகிறவர்களின் லேனும் கூட. பின்னால் மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிறவர் இவர் நின்றுவிட்டார் என்பதைக் கடைசி நொடியில்தான் கவனிக்கிறார். பிரேக் பிடித்தால் பிழைத்தார், பிடிக்காவிட்டால் பின்னால் மோதல். இல்லையென்றால் சட்டென்று வலதுபக்க லேனுக்கு ஒடிக்கிறார், அங்கே ஏற்கெனவே ஒரு வண்டி வந்துகொண்டிருந்தால் பக்கவாட்டில் உரசல். இதற்கிடையே திரும்பக் காத்திருக்கிறவரின் நிலைமை இன்னும் மோசம். எதிரே வரும் இரண்டு லேனிலும் ஒரே நேரத்தில் இடைவெளி கிடைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் திரும்புவதற்காக நின்றுகொண்டிருந்தால், அந்த வண்டிக்குப் பின்னால் மறைந்து ஓரத்து லேனில் பாய்ந்து வரும் வண்டி இவர் கண்ணுக்கே தெரியாது. பின்னால் ஹார்ன் சத்தம் வேறு. அவசரப்பட்டுத் திருப்புகிறார், எதிரே வந்த வண்டி அவர் காரின் பக்கவாட்டில் வந்து இடிக்கிறது. பக்கவாட்டு மோதல் எப்போதுமே மோசம், முன்பக்கத்தில் இருப்பது போல அங்கே இடியைத் தாங்க இன்ஜினும் பானெட்டும் கிடையாது, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள்தான்.

ஆக மூன்று வகை விபத்து, மூன்றுக்கும் காரணம் ஒன்றே: திரும்புகிறவரும் நேராகப் போகிறவரும் ஒரே லேனைப் பங்கு போட்டுக்கொள்வது. நடு லேன் அந்தப் பங்கைப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. திரும்புகிறவர் ஓட்டத்திலிருந்து விலகி நடுவே போய் நிற்கிறார், பின்னால் வருகிறவர் வேகத்தைக் குறைக்காமலே போய்விடலாம், இவரை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை, எதிரே இருப்பதும் ஒரே ஒரு லேன் என்றால் பார்க்க வேண்டியதும் ஒன்றைத்தான்.

சரி, ஏற்கெனவே நாலு லேன் இருக்கும் சாலையில் அந்த நடு லேனுக்கு இடம் எங்கே?

இங்கேதான் 'ரோடு டயட்' வருகிறது. நாலு லேனை மூன்றாக்கிவிடுவது. போக ஒன்று, வர ஒன்று, நடுவே திரும்புகிறவர்களுக்கு ஒன்று. 44 அடி அகலச் சாலை என்று வைத்துக்கொண்டால், 11 அடியில் நாலு லேன் இருந்தது. இப்போது ஓரங்களில் 11 அடியில் இரண்டு, நடுவே 12 அடியில் ஒன்று, மொத்தம் 34. மிச்சம் பத்து அடி. பக்கத்துக்கு ஐந்து அடியாகப் பிரித்தால் இரண்டு சைக்கிள் லேன். சாலையை ஒரு அடிகூட அகலப்படுத்தவில்லை, யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லை, கோடுகளை மட்டும் மாற்றிப் போட்டாயிற்று.

அமெரிக்காவில் இதை முதலில் செய்த ஊர்களில் ஒன்றாக மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸைச் சொல்வார்கள், 1979-இல். இன்று அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம், நிரூபிக்கப்பட்ட பாதுகாப்பு வழிகள் என்று வைத்திருக்கும் பட்டியலில் இதுவும் இருக்கிறது. அவர்கள் சொல்லும் கணக்கு: நாலு லேனை மூன்றாக்கினால் மொத்த விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறையும். இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்பவர்களுக்கு: 47 என்பது அயோவா மாநிலத்தின் சிறு ஊர்களில் கிடைத்தது, 19 என்பது கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் பெரிய நகரங்களை ஒட்டிய சாலைகளில் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் 29. வண்டி குறைவாக ஓடும் சின்ன ஊர்ச் சாலையில் பலன் அதிகம், நெரிசலான சாலையில் குறைவு, ஆனால் அங்கேயும் பலன் இருக்கிறது.

இந்த மாதிரி எண்களைப் பார்த்ததும் சந்தேகப்படுவது நல்ல பழக்கம், ஏனென்றால் சாலைப் பாதுகாப்பில் ஒரு பழைய பொறி உண்டு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரை போடுகிறோம், மறுநாள் காய்ச்சல் இறங்கினால் பாராட்டு முழுவதும் மாத்திரைக்குப் போகிறது, போடாமலே அது இறங்கியிருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அதே மாதிரி, போன வருஷம் விபத்து மிக அதிகமாக நடந்த சாலையைத்தான் எந்த நகராட்சியும் திருத்த எடுத்துக்கொள்ளும். அந்த அதிகத்தில் ஒரு பகுதி வெறும் தற்செயலாக இருக்கலாம், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த வருஷம் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பியிருக்கும். ஆகவே 'முன்பு இத்தனை, பின்பு இத்தனை' என்று கழித்துப் பார்ப்பது போதாது. டொரான்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்ரா ஹாவர் போன்றவர்கள் பல வருஷம் உழைத்து இதற்கு ஒரு புள்ளியியல் முறையை நிலைநாட்டினார்கள். அதே போன்ற மற்ற சாலைகளில் எவ்வளவு விபத்து நடக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்து, இந்தச் சாலையை அப்படியே விட்டிருந்தால் எத்தனை நடந்திருக்கும் என்று மதிப்பிட்டு, அதோடு ஒப்பிடுவது. மேலே சொன்ன 19, 29, 47 எல்லாம் அப்படிச் சலித்தெடுத்த எண்கள். ஆகவே நான் அவற்றை நம்புகிறேன். தனித்தனி ஊர்கள் வெளியிடும் எண்களைப் படிக்கும்போது இந்தப் பொறியை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது, இனி நான் சொல்லப்போவதையும் சேர்த்துத்தான்.

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்தின் எட்ஜ்வாட்டர் டிரைவ் இதில் எனக்குப் பிடித்த உதாரணம். காலேஜ் பார்க் என்ற பகுதியின் கடைத்தெரு அது, சுமார் ஒன்றரை மைல் நீளம், நாளுக்கு இருபதாயிரம் வண்டிகள். சாலையை மறுபடி தார் போட வேண்டிய நேரம் வந்தபோது, எப்படியும் கோடுகளைப் புதிதாகத்தானே போடப் போகிறோம், மூன்று லேனாகப் போட்டால் என்ன என்று நகரம் யோசித்தது. குடியிருப்பவர்களையும் கடைக்காரர்களையும் கேட்டார்கள், முன்பும் பின்பும் அளந்து பார்ப்போம் என்றார்கள், 2002-இல் மாற்றினார்கள். அளந்ததில், ஓடும் தூரத்தோடு ஒப்பிட்ட விபத்து விகிதம் 34 சதவீதம் குறைந்தது. காயம்பட்டவர்களின் விகிதம் 68 சதவீதம் குறைந்தது. இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். விபத்து குறைந்ததைவிடக் காயம் இரண்டு மடங்கு குறைந்திருக்கிறது, அதாவது மீதி நடந்த விபத்துகளும் லேசானவையாக மாறிவிட்டன. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. போக்குவரத்து கொஞ்சம் குறைந்தது, ஆனால் சாலை முடங்கிப் போகவில்லை.

காயம் ஏன் இவ்வளவு குறைகிறது என்றால், வேகம். நாலு லேன் சாலையில் ஒருவர் நிதானமாகப் போனால் பின்னால் வருகிறவர் பக்கத்து லேனுக்கு மாறி முந்திப் போய்விடுவார், ஆக அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவர் அவசரக்காரர். மூன்று லேன் சாலையில் முந்த வழியில்லை, முன்னால் போகிறவர் 30 மைலில் போனால் பின்னால் வரும் பத்துப் பேரும் 30 மைல்தான். போலீஸ் வேண்டாம், கேமரா வேண்டாம், வேகத்தடையும் வேண்டாம். சியாட்டிலில் நிக்கர்சன் தெருவை 2010-இல் இப்படி மாற்றியபோது, வேக வரம்பைப் பத்து மைலுக்கு மேல் மீறி ஓட்டுகிறவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள், விபத்துகள் 23 சதவீதம் குறைந்தன, அந்தத் தெருவில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையோ கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. நடந்து போகிறவர் மீது கார் மோதினால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு, மணிக்கு 23 மைல் வேகத்தில் பத்தில் ஒன்று, 32 மைலில் நான்கில் ஒன்று, 42 மைலில் இரண்டில் ஒன்று. அமெரிக்காவில் கார் ஓட்டுகிறவர்களின் சங்கமான டிரிபிள் ஏ (AAA) அமைப்பின் ஆய்வுப் பிரிவு 2011-இல் வெளியிட்ட கணக்கு இது. பத்து மைல் வித்தியாசம் ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே இல்லை, அடிபடுகிறவருக்கு அதுதான் எல்லாம்.

சாலையைக் கடப்பவருக்கு இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. நாலு லேன் சாலையில் ஜீப்ரா கிராசிங்கில் ஒரு அம்மா குழந்தையோடு நிற்கிறார் என்று வையுங்கள். ஓரத்து லேனில் வந்த நல்ல மனிதர் நிறுத்தி வழி விடுகிறார். அந்த அம்மா கையைக் காட்டிவிட்டு நடக்கத் தொடங்குகிறார். நின்ற வண்டி வேனாகவோ லாரியாகவோ இருந்தால், அடுத்த லேனில் வேகமாக வருகிறவருக்கு அவரைத் தெரியவே தெரியாது, அந்த அம்மாவுக்கும் இவரைத் தெரியாது, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது இடையில் இருப்பது ஓரிரு அடிதான். வழி விட்டவரின் நல்ல மனதே திரையாக மாறிவிடுகிற இந்தக் கொடுமை, ஒரு திசைக்கு ஒரே லேன் இருக்கும் சாலையில் நடக்க வாய்ப்பில்லை. அதோடு, வாசல்கள் இல்லாத இடத்தில் நடு லேனின் ஒரு துண்டை எடுத்து அங்கே சின்னத் திட்டு கட்டிவிட்டால், கடப்பவர் பாதி தூரம் வந்து பத்திரமாக நின்று அடுத்த பாதியைப் பார்க்கலாம். இந்தத் திட்டுகள் நடப்போர் விபத்துகளை 56 சதவீதம் குறைப்பதாக நெடுஞ்சாலை நிர்வாகமே சொல்கிறது.

ஒரு லேனைப் பிடுங்கினால் நெரிசல் வராதா என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். உண்மையில் வாசல்கள் நிறைந்த நாலு லேன் சாலையில் உள்பக்க லேன் பெயருக்குத்தான் நேராகப் போகும் லேன். நாளெல்லாம் யாராவது திரும்ப நிற்பதால், பழகினவர்கள் அதைத் தவிர்த்து ஓரத்திலேயே போவார்கள். அதாவது அந்தச் சாலை ஏற்கெனவே மூன்று லேன் சாலையாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, கோடுதான் மாறவில்லை. நாளுக்கு 20,000 வண்டி வரை ஓடும் சாலைகள் இதற்கு ஏற்றவை என்பது நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வழிகாட்டல். 25,000 வரைகூடச் செய்த ஊர்கள் உண்டு. அதற்கு மேல் போனால், அல்லது அடிக்கடி பஸ் நின்று அந்த ஒரே லேனையும் மறிக்கும் என்றால், பிரச்சினை நிஜமாகவே வரும்.

அவசர வாகனங்கள் என்ன செய்யும்? சாதாரண நாளில் ஆம்புலன்ஸுக்கு இது வசதிதான், காலியாகக் கிடக்கும் நடு லேனில் நேராகப் போய்விடலாம், நாலு லேனும் அடைத்து நிற்கும் சாலையில் அந்த வழி இருக்காது. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் வெளியேற வேண்டிய நாள் வேறு மாதிரி. கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2018 நவம்பரில் காட்டுத்தீ புகுந்தபோது, முக்கிய வெளியேறும் வழியான ஸ்கைவே சாலையை ஊருக்குள் சில வருஷம் முன்பு லேன் குறைத்திருந்ததும் விவாதத்துக்கு வந்தது. வெளியேற ஒன்றிரண்டு வழிகளே உள்ள மலையூர்களில் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், கோடு போடுவதற்கு முன்பே.

இனி நேருக்கு நேர் மோதல் பற்றி. நடு லேனில் எதிரெதிராக இருவர் நுழைந்தாலும் பெரும்பாலும் மோதுவதில்லை, காரணம் இருவருமே நிற்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். பழைய காலத்தில் அமெரிக்காவில் இரண்டு திசைக்காரர்களும் முந்திச் செல்வதற்கென்று நடுவில் ஒரு பொது லேன் விட்ட சாலைகள் இருந்தன. அங்கே இருவரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு நுழைந்தார்கள், நேருக்கு நேர் மோதிச் செத்தார்கள். அந்தக் கெட்ட பெயர் இதன் மேலும் ஒட்டிக்கொண்டது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் பயமில்லை: அதில் முந்தக் கூடாது, நீண்ட தூரம் ஓட்டிக்கொண்டே போகக் கூடாது, திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் நுழைய வேண்டும். கலிஃபோர்னியாவில் அதிகபட்சம் 200 அடி என்று சட்டமே இருக்கிறது. வாசலிலிருந்து வெளியே வருகிறவர் முதலில் நடு லேனுக்கு வந்து, பிறகு ஓட்டத்தில் கலக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் புதிதாகப் போகிறவர்கள் அந்த மாநிலத்தின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை பேசியது இருந்த இடத்திலிருந்து எடுத்த நடு லேன். இரண்டு லேன் சாலையைக் கொஞ்சம் அகலப்படுத்தி நடுவே ஒன்று சேர்ப்பதும் உண்டு. வட கரோலைனா, இல்லினாய், கலிஃபோர்னியா, ஆர்கன்சா சாலைகளை வைத்துச் செய்த ஆய்வில் மொத்த விபத்து சுமார் 20 சதவீதமும், பின்னால் மோதுவது சுமார் 39 சதவீதமும் குறைந்தன. அதுவும் நல்ல பலன்தான், நகரத்துக்கு வெளியே இன்னும் நன்றாகவே.

மூன்றாவது வகைதான் என்னைக் கவலைப்படுத்துவது. நாலு லேனை அப்படியே வைத்துக்கொண்டு நடுவே இன்னொன்று சேர்த்து ஐந்து, ஆறை வைத்துக்கொண்டு ஏழு. கார் ஓட்டுகிறவர்களைப் பொறுத்தவரை இதிலும் பின்னால் மோதுவது குறைகிறது, பொறியாளர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் முந்தும் லேன் அப்படியே இருக்கிறது, வேகம் அப்படியே இருக்கிறது, கடக்க வேண்டிய தூரம் மட்டும் கூடிவிட்டது. அட்லாண்டாவை ஒட்டிய புஃபோர்டு ஹைவே இதற்குப் பேர்போனது. நடு லேனோடு சேர்த்து ஏழு லேன்கள், இரண்டு பக்கமும் புலம்பெயர்ந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள், உணவகங்கள், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகள். கார் இல்லாமல் பஸ்ஸை நம்பி வாழும் நிறையப் பேர். கிராசிங்குகள் வெகுதூரத்துக்கு ஒன்றாக இருந்ததால், மக்கள் மூன்று லேனை ஓடிக் கடந்து அந்த நடு லேனில், கையில் காய்கறிப் பையோடு, இரண்டு பக்கமும் வண்டி பறக்க நின்று, அடுத்த மூன்றைக் கடக்க இடைவெளி பார்ப்பார்கள். அது திட்டு இல்லை, தடுப்பும் இல்லை, சட்டப்படி எந்த வண்டியும் உள்ளே வரக்கூடிய லேன். பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பிற்பாடு சில பகுதிகளில் நடுத்திட்டுகளும் நடப்போர் சிக்னல்களும் வந்தன.

இவ்வளவு அகலமான சாலைக்கு வேண்டியது சென்டர் மீடியன், மேடாகக் கட்டிய உண்மையான தடுப்பு. அதே அட்லாண்டா பக்கத்தில் மெமோரியல் டிரைவ் என்ற ஆறு லேன் சாலையில், நடு லேனை எடுத்துவிட்டு 1990-இல் மீடியன் கட்டினார்கள். மொத்த விபத்து விகிதம் 37 சதவீதமும், காயம் ஏற்படுத்தும் விபத்துகளின் விகிதம் 48 சதவீதமும் குறைந்தன. எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம் என்ற வசதி போய், குறிப்பிட்ட இடைவெளிகளில் மட்டும் திரும்ப வேண்டியதாயிற்று. மீடியன் என்றாலே கடைக்காரர்கள் 'வாடிக்கையாளர் உள்ளே வரமாட்டார்' என்று எதிர்ப்பார்கள், அவர்கள் கவலை புரிகிறது. என்றாலும் வண்டி அதிகமாகி, வாசல்களும் நெருங்கிவிட்ட சாலையில் இரண்டு திசையிலிருந்தும் திரும்புகிறவர்கள் ஒரே நடு லேனில் முட்டிக்கொண்டு நிற்கும் நிலை வந்துவிட்டால், பெயின்டால் ஆகக்கூடியது அதோடு முடிந்தது.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்து, கருத்துச் சொல்லக் கூப்பிட்டால், வரைபடத்தில் முதலில் லேன்களை எண்ணிப் பாருங்கள், முன்பு எத்தனை, இனி எத்தனை என்று. நாலு மூன்றாகிறதா, நாலு ஐந்தாகிறதா என்பது தெரிந்துவிடும். அப்புறம் நாளுக்கு எத்தனை வண்டி, பஸ் எங்கே நிற்கும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் எங்கே கடப்பார்கள், அங்கே நடுவில் திட்டு உண்டா என்று கேளுங்கள். சாலைக்கு மறுபடி தார் போடும் வருஷம் எது என்பதையும் கேட்டுவிடுங்கள், அப்போது கோடுகளை எப்படியும் அழித்துப் போடுவார்கள், செலவு என்று சொல்லித் தள்ளிப்போட அந்த வருஷத்தில் அவர்களிடம் காரணம் இருக்காது.